எம்87 தாரையைக் கையால் பிடித்துப் புரிந்துகொள்வது எப்படி

2019 ஏப்ரல் 10-ஆம் தேதி, எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளையின் படம் வெளியானது. அந்த நடுவிலிருந்து சூடான வாயு நேர்கோடாக வெளியே பாய்கிறதே, அதுதான் தாரை. அந்த வாரம் முழுக்கப் பள்ளியில் அதே பேச்சு. ஆரஞ்சு வளையத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், உள்ளே போன ஒளியே திரும்பி வராதுன்னு சொல்றீங்க. அப்புறம் அந்தத் தாரை மட்டும் எப்படி அவ்வளவு தூரம் வெளியே பாயுது?" நான் "காந்தப்புலத்தால்" என்றேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்த முகம் என்னை விடவில்லை. "காந்தப்புலத்தால்" என்பது விடை மாதிரி ஒலிக்கும் சொல், அவ்வளவுதான். காந்தம் எங்கிருந்து வந்தது, ஆற்றல் யாருடையது, அது எந்த வழியாக வெளியே வருகிறது என்று ஒன்றையும் அது சொல்வதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துச் செய்து பார்த்த முறை இது. மைதானத்தில் ஒன்று, ஆய்வகத்தில் ஒன்று, ஒரு போர்வை, கடைசியில் ஒரு தாள் கணக்கு. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் போதும். ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம்.

வேண்டியவை: சுண்ணாம்புப் பொடி, பழைய சைக்கிள் டியூப், 20 மி.மீ. விட்டமுள்ள நியோடிமியம் காந்தத் தட்டு, தட்டைத் தலை இரும்பு போல்ட், வேகம் குறைக்கக்கூடிய டிரில் மெஷின், மல்டிமீட்டர், ஒரு பருத்திப் போர்வை.

முதலில் ஒரே ஒரு கருந்துளையை எடுத்துக்கொள்ளுங்கள்

பொதுவாகக் கருந்துளைகள் என்று ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு எதுவும் ஒட்டாது. எம்87-ஐ எடுங்கள். சுமார் 5.5 கோடி ஒளியாண்டு தூரத்தில், கன்னி விண்மீன் கூட்டத்தின் திசையில் இருக்கும் பெரிய விண்மீன் மண்டலம். 1781-இல் சார்ல் மெஸியே பட்டியலில் சேர்த்தது. 1918-இல் லிக் வானாய்வகத்தின் ஹீபர் கர்டிஸ் அதன் நடுவிலிருந்து நேர்கோடாக ஒரு கதிர் கிளம்புவதைப் புகைப்படத் தகட்டில் கண்டு குறித்துவைத்தார். கருந்துளை என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம் அது. ஹப்பிள் படங்களில் அந்தத் தாரை சுமார் 5,000 ஒளியாண்டு நீளத்துக்குத் தெரிகிறது.

அதன் நடுவில் இருக்கும் கருந்துளையின் நிறை சூரியனைப் போல் 650 கோடி மடங்கு. சூரியன் அளவு நிறைக்கு ஈர்ப்பு ஆரம் (கருந்துளையின் அளவைச் சொல்ல உதவும் அளவுகோல்) 1.48 கி.மீ. இரண்டையும் பெருக்கினால் சுமார் 960 கோடி கி.மீ. வரும். சூரியனிலிருந்து நெப்டியூன் இருக்கும் தூரத்தைப் போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். இந்த எண்ணைத் தாளின் மேல்மூலையில் எழுதி வட்டமிட்டு வைக்கச் சொல்லுங்கள், பின்னால் வேண்டும்.

மைதானத்தில்: வாயு ஏன் உள்ளே விழுகிறது

இந்தப் பகுதிக்கு நேரம் தாராளமாகக் கொடுங்கள். கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். உண்மையில் சுற்றிக்கொண்டிருக்கும் வாயு சும்மா உள்ளே விழாது. பூமி சூரியனுக்குள் விழாமல் சுற்றுவதைப் போல அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கும். கோண உந்தத்தை யாரிடமாவது கொடுத்தால்தான் ஓர் அடி உள்ளே போக முடியும். யாரிடம் கொடுப்பது?

சுண்ணாம்பால் ஒரே மையத்தில் நான்கு வட்டம் போடுங்கள்: ஆரம் 2, 3, 4, 5 மீட்டர். கெப்ளர் விதிப்படி, 2 மீட்டர் வட்டத்தில் ஒரு சுற்றுக்கு 10 வினாடி என்றால் 3 மீட்டரில் 18, நான்கில் 28, ஐந்தில் 40 வினாடி ஆகும். எல்லாம் நடக்கும் வேகம்தான். ஒருவர் வினாடியை உரக்க எண்ணட்டும்.

இரண்டு பேரை 3 மீட்டர் கோட்டிலும் 4 மீட்டர் கோட்டிலும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, சைக்கிள் டியூபை மெல்லிய நாடாவாக நீளமாக வெட்டி இருவர் இடுப்பிலும் தளர்வாகக் கட்டுங்கள். கையில் கட்ட வேண்டாம், மணிக்கட்டு வலிக்கும். விதி ஒன்றே ஒன்று: டியூப் உங்களைப் பின்னால் இழுத்தால் ஒரு கோடு உள்ளே வாருங்கள், முன்னால் இழுத்தால் ஒரு கோடு வெளியே போங்கள். சுற்றுப்பாதையில் இருக்கும் பொருளுக்கு ஈர்ப்பு செய்வது அதுதான். கோண உந்தம் குறைந்தால் உள்ளே இறங்கும், கூடினால் வெளியே ஏறும்.

நடக்கச் சொல்லுங்கள். ஐந்தாறு வினாடிக்குள் உள்ளே இருப்பவர் முந்துவார். டியூப் இழுபடும். அவரைப் பின்னால் இழுக்கிறது, வெளியே இருப்பவரை முன்னால் இழுக்கிறது. அவர் 2 மீட்டருக்கு இறங்குகிறார், இவர் 5 மீட்டருக்கு ஏறுகிறார். இப்போது ஒருவருக்குச் சுற்று 10 வினாடி, மற்றவருக்கு 40. இடைவெளி இன்னும் வேகமாகக் கூடும், டியூப் இன்னும் விறைக்கும். நிறுத்துங்கள் என்று நீங்கள் கத்தும் வரை இது வளர்ந்துகொண்டே போகும்.

அந்த டியூப்தான் காந்தப்புலக் கோடு. சூடான வாயு பிளாஸ்மாவாக, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயுவாக, இருப்பதால் காந்தக்கோடு அதோடு ஒட்டிக்கொண்டு இழுபடுகிறது.

அடுத்து டியூபை எடுத்துவிட்டு விறைப்பான கயிறு கட்டிப் பாருங்கள். இருவரும் ஒட்டிக்கொண்டே சுற்றுவார்கள், ஒன்றும் நடக்காது. இதை நான் முதலில் தற்செயலாகத்தான் பார்த்தேன். டியூப் அறுந்துபோய்க் கயிறு கட்டியபோது ஆட்டம் அப்படியே நின்றுவிட்டது. கருந்துளையைச் சுற்றும் வாயு வட்டிலும் (திரள்வட்டு) இதே கதைதான். புலம் பலவீனமாக இருக்கும்போதுதான் இந்த நிலைகுலைவு வளர்கிறது. புலம் மிகையானால் அடங்கிவிடுகிறது.

சுழலும் திரவத்தில் மெல்லிய காந்தப்புலம் கூட இப்படி அமைதியைக் குலைத்துவிடும் என்று 1959-இல் வெலிகோவும் 1960-இல் நம் சந்திரசேகரும் கணக்கில் காட்டினார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் சந்திரசேகர் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. முப்பது வருடம் கழித்து, 1991-இல், ஸ்டீவன் பால்பஸும் ஜான் ஹாலியும் கருந்துளை வட்டுகளில் வாயு உள்ளே இறங்குவதற்கு இதுதான் காரணம் என்று காட்டினார்கள்.

ஆக, திரள்வட்டில் காந்தப்புலத்தின் முதல் வேலை வாயுவை உள்ளே இறக்குவது. தாரை அதற்கு அப்புறம்தான்.

காந்தம் மையத்தில் குவிவது

உள்ளே இறங்கும் வாயு, தன்னோடு ஒட்டிய காந்தக்கோடுகளையும் இழுத்துக்கொண்டு வருகிறது. வாயு கருந்துளைக்குள் போய்விடும். கோடுகளின் நுனிகள் வெளியே தூரத்துப் பிளாஸ்மாவில் மாட்டியிருப்பதால் அவை துளையின் வழியாக நூல் கோத்த மாதிரி நின்றுவிடும். மேலும் மேலும் வந்து சேரச் சேர, கட்டு கனத்து வெளியே தள்ள ஆரம்பிக்கும். ஒரு கட்டத்தில் வரும் வாயுவையே தடுக்கும். அப்புறம் வாயு சன்னமான ஓடைகளாகப் பிரிந்து, சந்து கிடைத்த இடத்தில்தான் உள்ளே போகும். காந்தம் தடுத்து நிறுத்திய வட்டு என்று இதைச் சொல்லலாம். 2003-இல் இதற்கு அடித்தளம் போட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் ரமேஷ் நாராயண், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். எம்87 வட்டு பெரும்பாலும் இந்த வகைதான் என்பது, 2019 படத்தை எடுத்த ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப் குழு 2021-இல் சொன்ன முடிவு.

பிள்ளைகள் இங்கே ஒரு தவறு செய்வார்கள்: கருந்துளையையே ஒரு பெரிய காந்தமாக வரைவார்கள். உடனே திருத்துங்கள். துளைக்குச் சொந்தமாகக் காந்தம் கிடையாது. வட்டுதான் அதைச் சுமந்து வந்து, அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வட்டை எடுத்துவிட்டால் காந்தக்கோடுகளும் விலகிப் போய்விடும்.

புலத்தின் வலிமை எவ்வளவு? துளையை ஒட்டிய பகுதியில் 1 முதல் 30 காஸ் வரை என்று அந்தக் குழு கணித்தது. நிகழ்வெல்லை வரை, அதாவது ஒளிகூடத் திரும்பி வர முடியாத எல்லை வரை, உள்ளே போனால் கொஞ்சம் கூடும். நம் கணக்குக்கு 100 காஸ் என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்தின் வலிமை கிட்டத்தட்ட அவ்வளவுதான். இதைச் சொன்னதும் வகுப்பில் நம்ப மாட்டார்கள். நம்பாமலே அடுத்த வேலைக்கு வரட்டும்.

ஆய்வகத்தில்: சுழலும் காந்தத்திலிருந்து மின்சாரம்

போல்ட்டின் தட்டைத் தலையில் காந்தத் தட்டை ஒட்டவைத்து, போல்ட்டின் தண்டை டிரில் மெஷினில் மாட்டுங்கள். காந்தம் மிகச் சரியாக நடுவில் இருக்க வேண்டும். முதல் தடவை நான் கண்ணளவில் வைத்தேன். சுவிட்சைப் போட்டதும் காந்தம் பிய்த்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதி இரண்டாக உடைந்தது. நல்லவேளை, அந்தப் பக்கம் யாரும் நிற்கவில்லை. அதிலிருந்து மையத்தைப் பேனாவால் குறித்து, போல்ட் தலையின் ஓரத்தைச் சுற்றி மட்டும் பசை தடவி, ஓர் இரவு காயவிட்டுத்தான் எடுக்கிறேன். தலைக்கும் காந்தத்துக்கும் நடுவில் பசை போகக் கூடாது, மின்சாரம் தடைபடும். கண்ணாடி அணியுங்கள், பிள்ளைகளை இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்துங்கள், வேகத்தைக் குறைத்தே வையுங்கள். வினாடிக்கு 20 சுற்று போதும்.

மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட 200 மில்லிவோல்ட் அளவில் வையுங்கள். பல இழை உள்ள செம்பு வயரின் நுனியை விரித்தால் சின்னத் தூரிகை மாதிரி ஆகும். அதை ஒரு முனையில் கட்டிக் காந்தத்தின் விளிம்பில் மெல்லத் தொடவிடுங்கள். மறுமுனை போல்ட்டின் தண்டில். டிரில் ஓடும்போது திரையில் ஒன்றரை, இரண்டு மில்லிவோல்ட் தெரியும். தூரிகை துள்ளுவதால் எண் நடுங்கும், பரவாயில்லை. டிரில்லைத் திருப்பிச் சுழற்றினால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும். நிறுத்தினால் பூஜ்யம்.

காந்தம் முன்னைவிட வலுவாகிவிடவில்லை, பலவீனமாகவும் ஆகவில்லை. சுற்றினால் மின்னழுத்தம் வருகிறது, நின்றால் போகிறது. ஆற்றல் சுழற்சியிலிருந்துதான் வருகிறது என்பது இந்த இடத்தில் பிள்ளைகளுக்குத் தானாகவே பிடிபடும்.

இதற்கான கணக்கு எளிது: மின்னழுத்தம் = காந்தப்பாயம் (புலம் × பரப்பு) × வினாடிக்கு எத்தனை சுற்று. காந்தத்தின் புலம் 0.3 டெஸ்லா, ஆரம் 1 செ.மீ. என்றால் பாயம் சுமார் 0.000094 வெபர். அதை 20-ஆல் பெருக்கினால் 1.9 மில்லிவோல்ட். மீட்டர் காட்டியதும் ஏறத்தாழ அதுவே. இந்தச் சமன்பாட்டையும் தாளில் வட்டமிட்டு வைக்கச் சொல்லுங்கள்.

போர்வை: அந்த மாணவியின் கேள்விக்கு விடை

சுழலும் கருந்துளையில் உலோகத் தட்டு எதுவும் இல்லையே என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். அங்கே சுழல்வது விண்வெளிதான். 1963-இல் ராய் கெர் கண்ட தீர்வின்படி, சுழலும் துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் சேர்த்து இழுத்துச் சுற்றுகிறது. நிகழ்வெல்லைக்கு வெளியிலேயே எர்கோஸ்பியர் என்றொரு பகுதி உண்டு. அங்கே எதுவும் சும்மா நிற்க முடியாது, துளை சுற்றும் பக்கமே சுற்றியாக வேண்டும். காந்தக்கோடும் அப்படித்தான்.

இரண்டு பேர் நனைந்த போர்வையின் இரு முனையைப் பிடியுங்கள், துவைத்துப் பிழிவதைப் போல. ஒருவர் அசையாமல் பிடிக்கட்டும், மற்றவர் முறுக்கட்டும். நான்கைந்து முறுக்கு ஏறியதும், அசையாமல் நிற்பவருக்கு மணிக்கட்டு தானாகத் திரும்பப் பார்க்கும். விட்டுவிட்டால் போர்வை நுனி சுழன்று அடிக்கும்.

இப்போது கேளுங்கள்: அந்த முனையில் இருப்பவர் கைக்கு அந்த விசை எப்படி வந்து சேர்ந்தது? போர்வையின் ஒரு நூல்கூட இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகவில்லை. போனது முறுக்கு மட்டும். கருந்துளை முறுக்குகிறது, தூரத்துப் பிளாஸ்மா மறுமுனையைப் பிடித்திருக்கிறது, நடுவில் இருக்கும் காந்தக்கோடு போர்வை. நிகழ்வெல்லைக்கு உள்ளிருந்து எதுவும் வெளியே வர வேண்டிய தேவையே இல்லை. முறுக்கு ஏறுவது எர்கோஸ்பியரில், எல்லைக்கு வெளியே. துளையிடம் குறைவது சுழற்சி.

சுழலும் துளையிடமிருந்து ஆற்றல் எடுக்க முடியும் என்று 1969-இல் ரோஜர் பென்ரோஸ் காட்டினார். காந்தப்புலத்தின் வழியாக எடுக்கும் இந்த முறையை 1977-இல் ரோஜர் பிளாண்ட்ஃபோர்டும் ரோமன் ஸ்னாயெக்கும் எழுதினார்கள்.

முறுக்கிய கோடுகள் சுருள் சுருளாக அடுக்கி, அழுத்தப்பட்ட ஸ்பிரிங் போல அச்சின் திசையில் மேலும் கீழும் பிளாஸ்மாவைத் தள்ளுகின்றன. வட்டிலிருந்து கிளம்பும் காற்று பக்கவாட்டில் அணைத்துப் பிடிப்பதால் தாரை ஒடுங்கியே போகிறது. வட்டும் தன் சுழற்சியால் கோடுகளை முறுக்கி வாயுவை வீசும் என்பது 1982-இல் பிளாண்ட்ஃபோர்டும் பெய்னும் காட்டியது. எம்87-இன் வேகமான மையத் தாரைக்குத் துளையின் சுழற்சியே முதன்மை என்பதுதான் எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது. காரணம் கணக்கில் வரும்.

தாள் கணக்கு

எம்87 எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது? ஒரு கருந்துளை சுழலக்கூடிய உச்ச அளவில் 0.9 பங்கு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அப்போது நிகழ்வெல்லையின் ஆரம் ஈர்ப்பு ஆரத்தைப் போல் 1.44 மடங்கு, ஒரு சுற்றுக்கு ஏழரை நாளுக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது சுமார் 6.4 லட்சம் வினாடி.

அரைக்கோளத்தின் பரப்பு சுமார் 1.2 × 10-இன் அடுக்கு 27 சதுர மீட்டர். புலம் 100 காஸ், அதாவது 0.01 டெஸ்லா. பெருக்கினால் பாயம் 1.2 × 10-இன் அடுக்கு 25 வெபர். இப்போது வட்டமிட்ட அதே சமன்பாடு: பாயத்தை 6.4 லட்சத்தால் வகுத்தால் சுமார் 2 × 10-இன் அடுக்கு 19 வோல்ட். டிரில் மெஷினில் இரண்டு மில்லிவோல்ட், இங்கே இது. சமன்பாடு ஒன்றே. ஃபிரிட்ஜ் காந்தம் போதும் என்று சொன்னதை நம்பாதவர்கள் இந்த வரியில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். புலம் சாதாரணம், பரப்புதான் பிரம்மாண்டம்.

மின்தடை துளையின் பக்கம் சுமார் 100 ஓம், தாரையின் பக்கம் சுமார் 100 ஓம் என்று தோராயமாக வையுங்கள். மின்னோட்டம் 10-இன் அடுக்கு 17 ஆம்பியர். தாரைக்குக் கிடைக்கும் திறன் 10-இன் அடுக்கு 36 வாட். 260 கோடி சூரியன்கள் சேர்ந்தால்தான் அவ்வளவு. எம்87 தாரையின் திறனுக்கு வானியலாளர்கள் தரும் மதிப்பீடுகள் அடுக்கு 35 முதல் 38 வரை இருக்கின்றன. நாம் நடுவில் வந்து நிற்கிறோம், அதுவும் பள்ளிப் பாடத்தை வைத்தே.

வரவைப் பாருங்கள். ஆண்டுக்குச் சூரியனில் ஆயிரத்தில் ஒரு பங்கு வாயு விழுகிறது என்று வைத்தால், அது ஏறத்தாழ நாளுக்கு ஒரு பூமி. அதன் நிறை முழுவதும் ஆற்றலானால் 6 × 10-இன் அடுக்கு 36 வாட். தாரை அதில் ஆறில் ஒரு பங்கு. துளை இன்னும் வேகமாகச் சுழன்றால்? 2011-இல் செக்கோவ்ஸ்காய், நாராயண், மெக்கின்னி மூவரும் கணினியில் 0.99 சுழற்சிக்குச் செய்து பார்த்தபோது, விழுந்த நிறையின் ஆற்றலைவிட வெளியே போனது அதிகமாக இருந்தது, சுமார் 140 சதவீதம். வரவைவிடச் செலவு அதிகம் என்றால் முன்பே சேர்த்துவைத்த கையிருப்பு ஏதோ கரைகிறது என்று அர்த்தம். அந்தக் கையிருப்புதான் சுழற்சி. 0.9-இல் துளையின் நிறையில் 15 சதவீதம் சுழற்சி ஆற்றலாக இருக்கிறது. நம் கணக்குப்படி தாரை இதே வேகத்தில் செலவழித்தாலும் தீர லட்சம் கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான்.

சரிபார்க்க இரண்டு

ஒன்று, 2021 மார்ச் 24-இல் வெளியான தளவிளைவுப் படம் (ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்று காட்டும் படம்). வளையத்தின் மேல் சுழல் சுழலாக ஓடும் கோடுகள், காந்தப்புலம் ஒழுங்காகவும் வலுவாகவும் இருப்பதைக் காட்டுகின்றன. தளவிளைவு என்றால் என்ன என்று காட்ட, போலராய்டு கண்ணாடியைக் கால்குலேட்டர் திரைமேல் திருப்பிப் பிடித்தாலே போதும்.

இன்னொன்று, ஹப்பிள் 1990-களில் தாரையில் அளந்த வேகம்: ஒளியைப் போல் 4 முதல் 6 மடங்கு! இதைப் பார்த்துப் பிள்ளைகள் பதறுவார்கள். கணக்குப் போடச் சொல்லுங்கள். தாரை நம் பார்வைக்கோட்டோடு சுமார் 17 பாகையில் சாய்ந்திருக்கிறது. தாரையில் பிரகாசமாகத் தெரியும் ஒரு முடிச்சு ஒளியின் வேகத்தில் 0.98 பங்கோடு 100 ஆண்டு ஓடட்டும். நம் பக்கமாக 93.7 ஒளியாண்டு நெருங்கிவிடும், பக்கவாட்டில் 28.6 ஒளியாண்டு நகரும். கடைசியில் கிளம்பிய ஒளி, முதலில் கிளம்பிய ஒளிக்கு 6.3 ஆண்டு பின்னால்தான் நம்மிடம் வரும். ஆகவே 28.6 ஒளியாண்டு நகர்வை நாம் 6.3 ஆண்டில் பார்க்கிறோம். நான்கரை மடங்கு. எதுவும் ஒளியை முந்தவில்லை.

ஏப்ரல், மே மாத இரவில் ஆறு அங்குலத் தொலைநோக்கி கிடைத்தால், சிம்ம ராசியின் வாலில் உள்ள டெனிபோலாவுக்கும் கன்னியின் விண்டெமியாட்ரிக்ஸுக்கும் இடையில் தேடுங்கள். எம்87 மங்கலான பஞ்சு உருண்டையாகத் தெரியும். தாரை அதில் தெரியாது. அது மேற்கில் சற்று வடக்குப் பக்கமாக நீள்கிறது. கணக்குப் போட்ட தாளிலேயே ஓர் உருண்டையை வரைந்து, அந்தத் திசையில் ஒரு கோடு இழுத்து, தொலைநோக்கிக்குப் பக்கத்தில் சிவப்பு டார்ச் வெளிச்சத்தில் வையுங்கள். ஒவ்வொருவரும் முதலில் கண்ணில் உருண்டையைப் பார்த்துவிட்டு, அப்புறம் தாளைப் பார்க்கட்டும்.